இருபது நிமிஷம் ஓடி நிற்கும் டிராக்டர்

சலாலாவில் தென்னந்தோப்பு இருக்கிறது என்று சொன்னால் துபாயில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இங்கே கரீஃப் காலம். மற்ற வளைகுடா ஊர்கள் 45 டிகிரியில் காயும்போது இங்கே சாரல் அடிக்கும். ரோட்டோரக் கடைகளில் இளநீரும் வாழைத்தாரும் தொங்கும்.

அப்படி ஒரு தோப்பில்தான் என் அப்பா 1988-லிருந்து மெக்கானிக். மன்னார்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவர். அங்கே அவர் கைவைத்தது பெரும்பாலும் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்கள். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி செய்தவை. சலாலாவில் வந்து இறங்கினால், தோப்பில் நின்றது இங்கிலாந்தில் செய்த மாஸ்ஸி ஃபெர்குசன் 135. மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின். "ஊர்ல விட்டுட்டு வந்தவன் எனக்கு முன்னாடி இங்க வந்து நிக்கிறான்னு இருந்துச்சு" என்பார்.

இந்த வருஷம் அப்பா ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினார். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது அந்த டிராக்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இருபது நிமிஷம் ஓடும், நின்றுவிடும். அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். நீ போன பிறகு இதை யார் பார்ப்பது, சரியாகாவிட்டால் இரும்பு விலைக்குப் போட்டுவிடலாம் என்று அர்பாப் சொல்லிவிட்டார்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. என் மகளுக்கு 11 வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொள்வது "சாப்டியா, படிச்சியா, தூங்குனியா" என்ற மூன்று கேள்வியோடு முடிந்துவிடும். இனி போனில்தான் பேச்சு என்றால் அந்த மூன்றும் ஒன்றாகிவிடும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அவளையும் தோப்புக்குக் கூட்டிப் போனேன். நடுவில் நின்று மொழிபெயர்க்கலாம் என்று நினைத்தேன்.

அப்பா ஸ்பேனரைத் தொடவே இல்லை. முதலில் டிரைவரிடம் கேள்வி. எப்போதிலிருந்து? லோடு இழுக்கும்போதா, சும்மா நிற்கும்போதா? பட்டென்று நிற்குதா, திணறி நிற்குதா? பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு பேத்தியைக் கூப்பிட்டார்.

"பாப்பா, புகை என்ன கலர்னு பாத்துச் சொல்லு. கரும்புகைன்னா காத்து பத்தல, இல்ல டீசல் அதிகம். நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளைன்னா டீசல் சரியா எரியல."

"கலரே இல்ல தாத்தா."

"அப்ப இன்ஜின் நல்லாருக்கு. அடுத்தது."

அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலையே துளைத்து உள்ளே போய்விடும், அதன் பக்கம் கையே கொண்டுபோகக் கூடாது. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் பைப் நட்டை இவர் மட்டும் லேசாகத் தளர்த்தினார். தளர்த்தினதும் சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது, மாறாவிட்டால் அதில்தான் கோளாறு. மூன்றிலும் மாறியது.

பில்டருக்குக் கீழே இருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. கரீஃப் ஈரத்தில் பாதி காலியான டேங்குக்குள் ராத்திரி காற்று குளிர்ந்து தண்ணீராகிவிடும். அதனால்தான் சாயங்காலமே டேங்கை ரொப்பி வைக்கச் சொல்வார். தண்ணீரை வடித்து, கிண்ணத்தைத் திரும்ப மாட்டி, கையால் பம்ப் அடித்து ஏர் எடுத்தார். குமிழி வருவது நின்றதும் ஸ்க்ரூவை இறுக்கச் சொல்லி ஸ்பேனரை அவளிடம் கொடுத்தார்.

ஓடியது. இருபது நிமிஷம். பிறகு திணறித் திணறி நின்றது.

அப்பா யோசித்தார். "மூச்சு வாங்கி நிக்குது, டீசல் வரல. பாப்பா, டேங்க் மூடியை மெதுவாத் திற. காதை வச்சுக் கேளு. எனக்கு இப்பல்லாம் சின்ன சத்தம் கேக்க மாட்டேங்குது."

நாற்பது வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது. அவர் அதைச் சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

அவள் திறந்தாள். முதலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், அவருக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "தாத்தா, மூடி மூச்சு இழுக்குது!" என்றாள்.

அப்பா சிரித்த சிரிப்பு! மூடியில் இருக்கும் சின்ன காற்று ஓட்டை மண்ணும் பிசுக்குமாக அடைத்துக் கிடந்தது. "இளநீர்ல ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கவுத்தா தண்ணி ஒழுங்கா வருமா? இன்னொரு ஓட்டை வேணும்ல, காத்து உள்ள போக?" டீசல் வெளியே போகப் போக டேங்குக்குள் காற்று போக வழியில்லை. கடைசியில் பம்பால் இழுக்க முடியாமல் இன்ஜின் நிற்கிறது. அரை மணி நேரத்தில் எங்கேயோ இடுக்கு வழியே கொஞ்சம் காற்று கசிந்து நுழைகிறது, திரும்ப ஓடுகிறது. ஒரு குண்டூசியும் கொஞ்சம் டீசலும் போதுமாக இருந்தது. மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. டிராக்டர் இன்னும் தோப்பில்தான் இருக்கிறது.

அப்பா இப்போது மன்னார்குடியில். போன வாரம் எங்கள் வாஷிங் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டது. மகள் என்னிடம் கேட்காமல் அவருக்கு வீடியோ கால் போட்டு, போனை மெஷின் பக்கத்தில் பிடித்தாள். "எப்பலேர்ந்து? தண்ணி ரொம்பும்போதா, சுத்தும்போதா?" என்று அங்கேயிருந்து கேள்வி. "சுத்தும்போது மட்டும் தாத்தா, வேகமா சுத்துறப்ப" என்று இங்கேயிருந்து பதில். நான் சமையலறையில் இருந்தேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

உங்கள் பிள்ளையும் தாத்தா பாட்டியிடம் இரண்டு வார்த்தையில் போனை வைத்துவிடுகிறதா? "தாத்தாகிட்ட பேசு" என்று மட்டும் சொல்லாமல், வீட்டில் ஓடாத மிக்ஸியோ ஒழுகும் குழாயோ இருந்தால் அதையும் கூடவே கொடுத்துப் பாருங்கள்.