திட்டம் மட்டும் என்னுடையது

என் மனைவியை நியூசிலாந்துக்கு நான் அழைத்துப் போனதாகத்தான் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவள்தான் என்னை அழைத்துப் போனாள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபோது அவளுக்கு வந்த பணிக்கொடையும் சேமநல நிதியும்தான் அந்தப் பயணத்தின் முதல். நான் வேலை பார்த்த நிறுவனம் என்னை வழியனுப்பியபோது கொடுத்தது ஒரு சால்வை. கூடவே ஒரு காசோலை. மகள் கல்யாணக் கடனோடு அது கரைந்துவிட்டது.

அவள் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த வாரமே நான் திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன். எங்கே போகலாம் என்று அவளைக் கேட்டதாக நினைவில்லை. "நியூசிலாந்து போறோம்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

ஏன் நியூசிலாந்து? பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, சுவிட்சர்லாந்து போய் வந்தவர். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஆல்ப்ஸ் மலையைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் தெற்கு ஆல்ப்ஸ் என்றே ஒரு மலைத்தொடர் இருக்கிறது, அதில் 3,724 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிகரம் நிற்கிறது, மலையடிவாரத்திலிருந்து சில மணி நேரத்தில் கடலுக்கும் போய்விடலாம் என்று படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. தூரமும் சுவிட்சர்லாந்தைவிட அதிகம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்ததாக அப்போது நானே நம்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

திட்டம் போடுவதில் எனக்கு வந்த சுகத்தையும் மறைக்கக்கூடாது. ஒரு வருஷம் எக்செல் தாளே கதியென்று கிடந்தேன். விடுதிக்கு ஒரு நிறம், விமானத்துக்கு ஒரு நிறம், ஏரிக்கு ஒரு நிறம். அங்கே சொகுசு லாட்ஜ் என்று அழைக்கப்படுபவை நம்மூர் லாட்ஜ் அல்ல. பத்து இருபது அறைகள், ஆற்றங்கரை அல்லது ஏரிக்கரை, ஓர் இரவுக்கு நம் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல். டவுப்போ பக்கத்தில் இருக்கும் ஹூக்கா லாட்ஜ் 1924இல் தூண்டில் போடுபவர்களின் கூடாரமாகத் தொடங்கி, பின்னால் எலிசபெத் மகாராணி வந்து தங்கும் இடமாக ஆனது. இந்தத் தகவலை அவளிடம் சொன்னேனோ இல்லையோ, அண்ணனிடம் சொன்னேன். இந்த லாட்ஜ்களின் வாடகையில் பெரும்பாலும் காலை உணவு, மாலையில் மது, அதன் பிறகு பல சுற்று இரவு உணவு எல்லாம் அடக்கம். எங்கள் இருவருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. அவள் சைவம். ஆக, அவள் ஊற்றிக்கொள்ளாத ஒயினுக்கும் தொடாத ஆட்டிறைச்சிக்கும் சேர்த்து அவள் பணத்தைத்தான் கட்டினேன். சைவச் சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன், அவர்களும் மரியாதையாகச் செய்து கொடுத்தார்கள். ஆனாலும் பூசணி சூப்பும் ரொட்டியும் எத்தனை வேளைக்குத்தான் இறங்கும்?

மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே புத்திதான். ஓய்வு பெற்ற இரண்டு பேருக்குப் பள்ளி விடுமுறை என்ன, பண்டிகை என்ன? மார்ச், ஏப்ரலில் அங்கே இலையுதிர் காலம். கூட்டம் குறையும், வாடகையும் இறங்கும், அரோடவுன் மரங்கள் மஞ்சளாகி நிற்கும். ஆனால் டெக்கப்போ ஏரிக்கரையில் லூபின் பூக்கள் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்பது நவம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரைதான். எனக்கு அந்தப் படம் வேண்டும். அதனால் டிசம்பர் கடைசி, கோடை உச்சம், உச்ச வாடகை. அந்த லூபின் அந்த மண்ணின் செடியே அல்ல, வெளியிலிருந்து வந்து ஆற்றுப் படுகைகளை அடைத்துக்கொண்டது, அங்கே கூடு கட்டும் காக்கி என்ற அரிய கருப்புப் பறவையின் இடத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே போய்த் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் பூவுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

விசாவுக்குக் கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆளுக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர் என்பது அவர்கள் கணக்கு. விண்ணப்பத்தோடு வைத்தது அவளுடைய வங்கிக் கணக்கு அறிக்கை. பயண ஏற்பாட்டாளர் மூலத்தில் வசூலித்த வரியும் அவளுடைய பான் எண்ணில்தான் ஏறியிருக்கிறது. என் வெளிநாட்டுப் பயணத்தின் உண்மைக் கதை தெரிந்த ஒரே இடம் வருமான வரித் துறை.

இனி மணி.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வெலிங்டனில் டெ பாப்பா என்று ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்களிடம் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு வெண்கல மணி உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்து அடுப்பில் வைத்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைக் கண்டார். புயலில் வேரோடு சாய்ந்த மரத்தடியில் கிடைத்தது என்றார்களாம். முகையதீன் என்று தொடங்கும் பெயருள்ள ஒருவருடைய கப்பலின் மணி என்று அதன் விளிம்பைச் சுற்றிப் பொறித்திருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்து ஐந்நூறு வருஷப் பழமை சொல்பவர்களும் உண்டு. நம் கரையிலிருந்து போன கப்பலா, மணி மட்டும் கைமாறி அவ்வளவு தெற்கே போனதா, யாராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. என் மனைவி ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி வந்தவள். "அந்த மணிய ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாங்க" என்றாள்.

ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஒரு மணி நேர விமானம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 35 டாலர். நான் தாளைத் திறந்து, வெலிங்டன் என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு ஒரு நிறமும் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் அந்த வரியை நீக்கினேன். "ஒடஞ்ச மணி ஒண்ணுக்காக ஒரு நாளைத் தூக்கிக் குடுக்கணுமா?" என்று கேட்டேன். மணி காட்சியில் இருக்கிறதா, கிடங்கில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் பதில் வந்திருக்கும். லாட்ஜில் தலையணை எந்த வகை என்று கேட்டு மின்னஞ்சல் போட்டவன் நான், இதற்குப் போடவில்லை. பதிமூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள வெண்கலத் துண்டின் பக்கத்தில் நின்று படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினால் அவர் முகம் கொஞ்சமும் மாறாது. அதுதான் என் கணக்கு. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

விமானத்தில் பிசினஸ் வகுப்பு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து ஆக்லாந்து பத்து மணி நேரம். அந்த வகுப்பில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை, நடுவில் இரட்டை இருக்கை. இரண்டு பேருக்கும் ஜன்னல் இருக்கட்டும் என்று ஒன்றின் பின் ஒன்றாக எடுத்திருந்தேன். விளைவு, பத்து மணி நேரமும் நான் அவளுடைய இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனேன். ராத்திரி விமானம், வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அங்கே கோடையில் நம்மைவிட ஏழரை மணி நேரம் முந்தி. அவர்களுக்குக் காலை 7 மணி என்றால் நம் உடம்புக்கு முதல் நாள் ராத்திரி 11.30. நான் அவளை அந்த 11.30 மணிக்குத்தான் தினமும் எழுப்பினேன். எட்டு மணிக்குள் அறையைவிட்டுக் கிளம்பினால்தான் அடுத்த ஊருக்குள் வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேரலாம். தெற்கில் டிசம்பர் கடைசியில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறைகிறது, ஆகவே வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. இருந்தாலும் பரபரப்பாக இல்லாவிட்டால் எனக்குச் சுற்றுலாவாகத் தோன்றாது. ஏரியைப் பார்த்த அறை என்று தனியாகப் பணம் கட்டிய அறைகளில் நாங்கள் செய்ததெல்லாம், திரையை இழுத்துவிட்டுத் தூங்கியதுதான். டெக்கப்போவில் அவள் காரைவிட்டே இறங்கவில்லை. பனியாறு அரைத்த பாறைத் தூள் கலந்து அந்த ஏரி ஒரு மாதிரிப் பச்சை நீலமாக இருக்கும். 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் ஒன்று கரையில் நிற்கும். "நீங்க எடுத்துட்டு வாங்க, நான் படத்துல பாத்துக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதில் குத்தல் இருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. ஓரமாக நிற்பவர்கள் நகரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதை என் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

குயின்ஸ்டவுன் என்ற ஊரிலிருந்து, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர்தான். மலை குறுக்கே நிற்பதால் சாலை சுற்றிக்கொண்டு போகிறது, ஏறக்குறைய 290 கிலோமீட்டர், ஒரு வழிக்கே நான்கு மணி நேரம். நான் சிறிய விமானத்தில் இடம் பிடித்திருந்தேன். காலையில் மேகம் இறங்கிவிட்டது, விமானம் ரத்து. அந்த ஊரில் இது தினப்படி விஷயம். மில்ஃபோர்டில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6,800 மில்லிமீட்டர் மழை, சென்னையில் பெய்வதுபோல் ஐந்து மடங்குக்கு அருகில். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நாளைக்கு என் தாளில் வேறு ஊர். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் டே அனா என்று கடைசி ஊர். அங்கே சாதாரண விடுதிகள் நிறைய உண்டு. "இங்கயே தங்கிட்டு நாளைக்குப் போலாமே" என்றாள். குயின்ஸ்டவுனில் அன்றிரவுக்கு லட்சத்துக்கு மேல் கட்டிய அறை இருக்கும்போது எப்படித் தங்குவது? ஓட்டினேன். 1935இல் கடப்பாறையும் மண்வெட்டியுமாகத் தொடங்கி 1954இல்தான் போக்குவரத்துக்குத் திறந்த ஹோமர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, 1.2 கிலோமீட்டர் இருட்டில் சரிந்து இறங்கி, மழைக்குள் வெளியே வந்தோம். படகில் ஏறினோம். பார்க்க வந்த மைட்டர் சிகரம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. நான் உள்ளே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் மேல்தளத்தில் நனைந்துகொண்டு நின்றாள். மழை பெய்தால் அந்தச் செங்குத்துப் பாறை முழுக்க எண்ண முடியாத அருவிகள் இறங்கும், மழை விட்டதும் காணாமல் போகும். வெயில் நாளில் வருபவர்களுக்கு அது கிடையாது. இதைப் படகில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். எனக்குக் காதில் ஏறவில்லை. "மலை உங்களுக்குத் தெரியலன்னா மலைக்கு என்ன நஷ்டம்?" என்றாள் அவள்.

அந்த இடத்தின் அழகில் மயங்கி மனிதர்கள் அங்கேயே தங்கிவிடப் போகிறார்களே என்று பயந்து, மரணத்தின் தேவியான ஹினே-நுயி-டெ-போ கடிக்கும் பூச்சிகளை அங்கே விட்டுவைத்தாள் என்று மாவோரிகள் சொல்வார்கள். எனக்கு அந்தப் பூச்சி தேவையே இல்லை.

திரும்பும்போது, டே அனாவைத் தாண்டிய புல்வெளிச் சாலையில், ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இடது பக்கச் சக்கரங்கள் சரளைக்கல்லில் இறங்கிய சத்தமும் அவள் போட்ட கூச்சலும் ஒன்றாகக் கேட்டன. வேலிக்கம்பிக்கு ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது. எதிரே லாரி எதுவும் வரவில்லை. உயிரோடு இருப்பதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவள் திட்டவில்லை. "பிளாஸ்க்ல வெந்நி இருக்கா பாருங்க" என்றாள், குரல் நடுங்கியது. இருக்கையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, சாலையோரத்தில் காருக்குள்ளேயே விடியும்வரை கிடந்தோம். பயணத்திலேயே விலை உயர்ந்த அறை அன்று ராத்திரி காலியாக இருந்தது.

அந்தச் சால்வை என் நிறுவனம் போர்த்தியது. மொத்தப் பயணத்தில் என் பங்களிப்பு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

மறுநாள் காலை, மிச்ச ஊர்களை வெட்டிவிட்டு வெலிங்டனுக்கு மாற்றியிருக்கலாம். கையில் நாள் இருந்தது, விமானம் இருந்தது, அபராதம் கட்டினாலும் அவள் பணத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. மாற்றவில்லை. தாளில் இருந்தபடியே அடுத்த ஊருக்குப் போனோம்.

போன மாதம் ஒரு வளைகாப்பு. மதுரையில். சாப்பிட்டுவிட்டு வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்சவ நீ. இந்த வயசுல யாரு பொண்டாட்டிய நியூசிலாந்து வரைக்கும் கூட்டிட்டுப் போறா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார்.

"சும்மாவா மதினி, ஒரு வருஷம் உக்காந்து திட்டம் போட்டேன்" என்றேன்.