ஊருக்குக் கிளம்புமுன் அந்தத் தேதியைப் பாருங்க

ஜூன் பள்ளி விடுமுறை வருது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க, பிள்ளைக்குக் காது குத்த, வயசான பெற்றோரைப் பார்க்கன்னு நம்ம கோயில் குடும்பங்கள் பலரும் டிக்கெட் போட்டாச்சு. ரொம்ப சந்தோஷம். இந்தப் பதிவு நிரந்தரவாசிகளா இருக்கிற அன்பர்களுக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அன்னதானத்துக்குப் பரிமாறும்போது எங்க காதில் விழாத குடிநுழைவுச் சட்டமே இல்லை. "நீல ஐசி இருந்தா போதும்" என்கிறார் ஒருவர். "ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போனா பிஆர் போகாது" என்கிறார் இன்னொருவர். "இப்ப 180 நாள் சலுகை வந்துருச்சு" என்பது புதுசு. மூணையும் நம்பிப் பயணம் போகாதீங்க.

நீல ஐசி வேற, மறுநுழைவு அனுமதி வேற. அதைத்தான் நாம ரீ-என்ட்ரி பெர்மிட்னு சொல்றோம். சிங்கப்பூர்லயே இருக்கிறவரைக்கும் அது முடிஞ்சாலும் பிஆர் போகாது. வெளிநாட்டில் இருக்கும்போது முடிஞ்சாதான் ஆபத்து. நாங்க வேலை செய்யும் தொழிற்சாலையில் பாரந்தூக்கி நல்லாத்தான் ஓடும். ஆனா சோதனைச் சான்றிதழ் தேதி முடிஞ்சா யாரும் தொடக்கூடாது. அது மாதிரிதான்.

அந்த 180 நாள் 2025 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கு. அனுமதி இல்லாம வெளிநாட்டில் இருக்கும் நிரந்தரவாசி, அந்த நாட்களுக்குள் புதுசா விண்ணப்பிக்கணும். விண்ணப்பிக்காட்டியும் பிஆர் போகும், நிராகரிச்சாலும் போகும். அது விண்ணப்பிக்கத்தான் அவகாசம், ஊரில் தங்க விடுமுறை இல்லை.

சரி, எத்தனை நாள் வெளியே இருந்தா புதுப்பிப்பாங்க? அதுக்கு ஒரு கணக்கை அதிகாரிகள் அறிவிக்கலை. ஒவ்வொருத்தர் நிலைமையையும் தனித்தனியா பார்க்கிறாங்க. அதனாலதான் ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. ஆனா அனுமதியில் போட்டிருக்கிற தேதியில் குழப்பமே இல்லை. நம்ம கையில் இருக்கிறது அதுதான்.

நம்ம கோயிலில் பூ கட்டும் ஒரு தங்கச்சிக்கு மாயவரம் பக்கத்திலிருந்து போன் வந்தது. அம்மாவுக்குப் பக்கவாதம். இங்கே ரெண்டு சின்னப் பிள்ளைங்க. பெர்மிட் முடிய அஞ்சே வாரம். "அண்ணே, அம்மாவைப் பார்க்கப் போனா பிள்ளைங்ககிட்ட திரும்பி வர முடியுமாண்ணே?"ன்னு அழுதுச்சு. 180 நாள் இருக்கு, முதல்ல கிளம்புன்னு பக்கத்தில் நின்னவங்க சொன்னாங்க. நாங்க விடலை. அன்னிக்கு ராத்திரியே கூடத்து மேசையில் உட்கார்ந்து, அது கணவரோட சிங்பாஸில் விண்ணப்பத்தை அனுப்பினப்புறம்தான் விமானம் ஏறுச்சு.

அம்மா பதினாறு நாள் இருந்தாங்க. பெர்மிட் ஒரு வருஷத்துக்குக் கிடைச்ச செய்தி கருமாதிக்கு முதல் நாள் வந்தது. தேதியைப் பார்த்து ஓடி வராம, மகளாச் செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சு முடிச்சுட்டுத்தான் வந்துச்சு.

அதனால டிக்கெட் போடுமுன் வீட்டில் ஒவ்வொருத்தர் தேதியையும் தனித்தனியா பாருங்க. அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் இருக்கும்னு நினைக்காதீங்க. முடிய மூணு மாசம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தா குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் இணையத்தளத்தைப் பாருங்க, இல்லைன்னா அவங்களையே கேளுங்க.

இணையம் பழக்கமில்லாத பெரியவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் கூடத்துக்கு வாங்க. தொண்டூழியர்கள் நாங்க இருப்போம். கிடைக்கும் கிடைக்காதுன்னு எங்களால சொல்ல முடியாது. தேதி பார்த்து, விண்ணப்பிக்கக் கூட உட்காருவோம்.

அம்மன் துணை. நல்லபடியா போய்ட்டு வாங்க.