மலை தெரியும் மனை

தில்லையைத் தரிசித்தால் முத்தி, திருவாரூரில் பிறந்தால் முத்தி, காசியில் இறந்தால் முத்தி, திருவண்ணாமலையை நினைத்தாலே முத்தி என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். நினைத்தால் போதும் என்று அவர்கள் கூறிய தலத்தில் அரை கிரவுண்டு மனையும் வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். என் வயதை ஒத்த அன்பர்கள் பலருக்கும் அந்த ஆசை உண்டு என்பதால், அது எனக்குக் கற்பித்ததை இங்கே எழுதுகிறேன்.

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், பௌர்ணமிதோறும் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து கிரிவலத்துக்குச் சென்று வந்தோம். நாளடைவில் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. பதினான்கு கிலோமீட்டர் நடக்க இயலவில்லை. "காலையில எழுந்து ஜன்னலைத் திறந்தா அண்ணாமலையார் தெரியணும்ங்க. அது போதும் எனக்கு" என்றாள். அச்சமயத்தில்தான், 2024ஆம் ஆண்டுக் கோடையில், 'மலை தெரியும் மனை' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. வருண லிங்கத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருந்தது இடம்.

பத்திரம் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு வரைபடம் என்று ஒவ்வொன்றையும் புரட்டினேன். குறை ஒன்றும் தென்படவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன்.

அன்று மாலை மனையைச் சுற்றி வந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்தார்.

"இங்கயா சாமி வாங்குறீங்க?" என்றார்.

"ஆமாம் பெரியவரே. ஏன் கேட்கிறீர்கள்?"

"இது தண்ணி வர்ற வழியாச்சே சாமி. அதோ, ரெண்டு சரிவும் சேருது பாருங்க. நல்ல மழை பேஞ்சா, மலைத்தண்ணி இதுவழியாத்தான் ஏரிக்குப் போவும்."

மறுநாள் நில அளவைத் துறையின் புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். அவர் கையால் காட்டிய அதே வழியில் ஓடை ஒன்று வரையப்பட்டிருந்தது. மனைப்பிரிவு வரைபடத்தில் அது முப்பதடிச் சாலையாக மாறியிருந்தது. என் மனை அதன் கரையில் இருந்தது.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ வீட்டுக் கடன்களுக்கு நான் கையொப்பமிட்டிருக்கிறேன். தாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, தண்ணீர் எங்கே போகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை ஓடைகளின்மேல் என் கையொப்பம் நிற்கிறதோ, ஈசனே அறிவான்.

அண்ணாமலையில் மலையே இலிங்கம். கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும் நின்ற இறைவன், நம்மீது இரங்கிக் கலியுகத்தில் கல்மலையாக நிற்கிறான் என்பது தல வரலாறு. 2,668 அடி உயர்ந்த அந்த இலிங்கத்துக்குக் கிரிவலப் பாதையே பிராகாரம். அப்படியானால் மழை என்பது வானம் செய்யும் அபிஷேகம் அல்லவா? கருவறையில் அபிஷேக நீர் கோமுகி வழியாக வெளியேறுகிறது. அதைத் தாண்டக்கூட அஞ்சுகிறோம். அடைக்க யார் துணிவார்? மலையிலிருந்து குளங்களுக்கும் ஏரிகளுக்கும் இறங்கும் ஒவ்வோர் ஓடையும் அண்ணாமலையாரின் கோமுகி. அதன்மேல் வீடு கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியே அவரைக் கும்பிடலாம் என்று நான் எண்ணியிருந்தேன்.

பகவான் ரமணர் 1896ஆம் ஆண்டு இங்கு வந்தவர், 1950இல் சித்தியடையும்வரை இம்மலையை விட்டு அகலவில்லை. விரூபாட்ச குகையில் அவர் வாழ்ந்த நாட்களில் சிறுத்தைகள் நடமாடியதாக ஆசிரம நூல்கள் கூறுகின்றன. பின்னர் விறகு வெட்டியும், மேய்த்தும், ஆண்டுதோறும் காட்டுத்தீ பரவியும் மலையின் பெரும்பகுதி மொட்டையாயிற்று. 1980களின் இறுதி முதல் அன்பர்களும் அறக்கட்டளைகளும் இம்மலையில் மரம் வளர்ப்பதைத் தொண்டாகச் செய்து வருகின்றனர். இம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைச் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் சுமந்து சென்று நடுகின்றனர். கோடையில் காய்ந்த புல்லை அகலமாக வெட்டி நீக்கித் தீத்தடுப்புப் பாதை அமைக்கின்றனர். தீப்பிடித்தால் பச்சிலைக் கொத்துகளால் அடித்து அணைக்கின்றனர். வேர் மண்ணைப் பிடிக்கிறது. சருகு மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குகிறது. ஸ்கந்தாசிரமத்து நிழலில் ஒரு நாழிகை அமர்ந்தவர்கள் மரங்களின் அருமையை உணர்வார்கள். ஆனால் மேலே மரம் நட்டு, கீழே ஓடையை மூடினால் அத்தொண்டு பாதியில் நின்றுவிடுகிறது.

அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீடுகளின்மேல் விழுந்தன. ஏழு உயிர்கள் மாண்டன. அவர்களுள் ஐவர் குழந்தைகள். நகருக்குள் இடம் கிடைக்காமல் அடிவாரத்தில் ஒதுங்கும் ஏழையின் நிலை வேறு. அவர்களுக்குப் பாதுகாப்பான மாற்றிடம் தருவது அரசின் கடமை. என் போன்றோர்க்கு அந்த நெருக்கடி இல்லை. ஆசை மட்டுமே இருந்தது. நாம் விலை கொடுக்க முன்வருவதால்தான் ஓடைகளும் மனைகளாகின்றன. அம்மாதம் 13ஆம் தேதி உச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்களுக்கு மலையேற அனுமதி இல்லை. அதை வீட்டில் தொலைக்காட்சியில் கண்டு கண்ணீர் மல்கக் கும்பிட்டோம்.

மனையை நாங்கள் வாங்கவில்லை. முன்பணம் திரும்பவில்லை, கேட்டு அலைந்து பின் விட்டுவிட்டேன். இந்தச் செய்தியைத் தயங்கித் தயங்கித்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமலிருந்தாள். "நினைச்சாலே போதும்னுதானே சொல்லியிருக்கு. ஜன்னல் எதுக்கு?" என்றாள். ஆயினும் அவள் குரலில் ஏக்கம் இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

புண்ணியத் தலங்களில் இடம் வாங்க எண்ணும் அன்பர்களே, பத்திரத்தோடு புல வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஓடை, வாய்க்கால், ஏரி, குளம் உண்டா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று நில்லுங்கள். அவ்வூரில் பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரிடம் தண்ணீர் வரும் வழியைக் கேளுங்கள். ஐயம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து ஒரு சிறு தொகையை மலையில் கன்று நடுவோருக்கு அனுப்புகிறோம். பௌர்ணமியன்று என் மனைவி ஆட்டோவில் மலையை வலம் வருகிறாள், நான் நடக்கிறேன். வருண லிங்கத்தின் முன் இருவரும் சந்தித்து, மழை பெய்ய வேண்டும், அதன் வழி திறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.