மறைந்து எரியும் விளக்கு

நாடக அரங்கிலே திரை விலகுகின்றது. மாலை வெயில் மெல்ல மங்கி, அந்திச் சிவப்பாகி, அதுவும் தேய்ந்து இருளாகின்றது. காண்போர் நடிப்பைப் போற்றுகின்றனர். ஒளி மங்கிய வகையை ஒருவரும் எண்ணுவதில்லை. அவர்கள் எண்ணாதபடி மங்கச் செய்வதே அரங்க ஒளியாளரின் திறம். மின்சுமையை ஒத்து நிறுத்தும் அறிவே அத்திறத்திற்கு அடிப்படையாகும்.

முழுதும் மின்னொளி பெற்ற முதற் பொதுக்கட்டடம் இலண்டன் மாநகரிலுள்ள சவாய் அரங்கு என்பர். 1881-ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 1,200 விளக்குகள் ஒளிர்ந்தன. அதற்கு முன் அரங்குகளில் எரிந்த வாயு விளக்குகளால் நேர்ந்த தீ விபத்துகள் பல. ஆதலின், அரங்கின் உரிமையாளர் ரிச்சர்டு டாய்லி கார்ட், எரியும் மின்விளக்கொன்றை மெல்லிய துணியிற் சுற்றி, அவையோர் காண உடைத்துக் காட்டினார். விளக்கு அணைந்தது, துணி கருகவில்லை.

வாயு விளக்கைத் தணிக்கக் குழாயைத் திருகினால் போதும். மின்விளக்குக்கோ மின்தடைச் சுருள் வேண்டியதாயிற்று. அச்சுருள் விளக்கின் அளவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 1000 வாட் விளக்குக்கென அமைந்த சுருளில் 100 வாட் விளக்கைப் பூட்டினால், பிடியை முழுதும் தாழ்த்தினாலும் ஒளி சிறிதே குறையும். சிறு விளக்கு இழுக்கும் மின்னோட்டம் சிறிதாதலின், தடையில் இழக்கும் அழுத்தமும் சிறிதே. இறுதியில் இணைப்பு அறும்போது விளக்கு சட்டென்று அணையும். அந்தி மயங்கவேண்டிய இடத்தில் கதவடைத்தாற்போல் இருள் வீழும்.

இக்குறையை நீக்க ஒளியாளர் ஓர் உபாயம் கண்டனர். காண்போர் கண்படாத இடத்தில் 900 வாட் சுமையை உடன் சேர்த்து எரித்தனர். மாயச்சுமை என்னும் பொருள்படும் பெயரால் அதனை அழைத்தனர்.

பெரிய அரங்குகளுக்கு மும்முனை மின்சாரம் வருகின்றது. 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கொன்று 4 ஆம்பியருக்குச் சற்று மிகுதியாக இழுக்கும். ஒன்பது விளக்குகளை மும்மூன்றாகப் பகிர்ந்தால் முனைக்கு ஏறத்தாழ 13 ஆம்பியர் ஓடும். திரும்பும் வழியாகிய நியூட்ரல் கம்பியில் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒன்பதையும் ஒரு முனையிலே பூட்டினால், அம்முனையும் நியூட்ரலும் 39 ஆம்பியரைச் சுமக்கும். கம்பி தாங்காதாயின் சூடேறும். பியூஸ் எரிந்து மேடை இருளும்.

எண்ணிப் பகிர்தல் மட்டும் போதாது. செவ்விளக்குகள் யாவும் ஒரு முனையிலும், நீல விளக்குகள் யாவும் மற்றொன்றிலும் இருப்பின், எண்ணிக்கை ஒத்திருக்கும். அந்திக் காட்சியிலோ சுமை முழுதும் ஒன்றன்மேல் விழும். ஆகவே, காட்சிதோறும் எவை ஒருங்கே எரியும் என ஆராய்ந்து பகிர்தல் வேண்டும்.

1957-இல் தைரிஸ்டர் என்னும் கருவி தோன்றியபின், தடைச்சுருள்கள் மெல்ல விடைபெற்றன. அது மின்னலையின் ஒரு பகுதியை மட்டும் செல்லவிடுகின்றது. அவ்வாறு வெட்டுண்ட மின்னோட்டங்கள், சமமாகப் பகிர்ந்தபோதும் நியூட்ரல் கம்பியில் முற்றும் ஈடாவதில்லை. ஆதலின் அக்கம்பியைத் தடிப்பாக அமைக்கின்றனர்.

இன்றைய எல்.இ.டி. விளக்குகள் மிகச் சிறிதளவே மின்சாரம் கொள்வன. அவற்றைத் தைரிஸ்டர் டிம்மரில் பூட்டினால், சுமை போதாமல் ஒளி துடிப்பதுண்டு. அப்போது பழைய உபாயமே மீண்டும் கைகொடுக்கின்றது. மறைவில் ஒரு சுமை சேர்கின்றது.

மேடை விளக்கைக் கண்டோர் பலர். அது நயமாகத் தணிய மறைவில் எரிந்த விளக்கைக் கண்டவர் யார்? அதற்குக் கைதட்டல் இல்லை. ஆயினும் அஃது இன்றேல் அந்தியும் இல்லை.