படத்துக்கு முன் வந்த இசைத்தட்டு

'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்தைப் பார்ப்பதற்குப் பல வருடங்கள் முன்பே அதன் இசையை நாங்கள் கேட்டுவிட்டோம். மழைக்கால இரவொன்றில், நண்பரின் அறையில், டியூக் எலிங்டனின் பிக் பேண்ட் ஒலிக்க ஒலிக்க, படத்தை மனத்துக்குள் நாங்களே எடுத்து முடித்திருந்தோம். டிரம்பெட்டின் வாயை மூடியும் திறந்தும் வாசிக்கையில் எழும் அந்த உறுமல்தான் கொலை நடந்த இரவு. 'ஃப்ளர்ட்டிபேர்ட்' என்ற பகுதியில் ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸபோன் வழுக்கிக்கொண்டு போகும்போது ஒரு பெண் நடந்து வருகிறாள். நம்பத் தகாதவள் என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

பிறகு படம் கிடைத்தது. ஆட்டோ பிரமிங்கர் 1959இல் மிச்சிகனின் வடகோடிச் சிறுநகரங்களில் எடுத்தது. சால் பாஸின் வெட்டுண்ட உடல் உருவங்களோடு பெயர்கள் வரும்போது இசைக்குழு முழு வீச்சில் முழங்குகிறது. பிற்பாடு அங்கங்கே எட்டிப் பார்த்துவிட்டு அறுந்துபோகிறது. நீண்ட நீதிமன்றக் காட்சிகளில் அநேகமாக இசையே இல்லை. எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து உருவாக்கியதை இப்படியா வீணடிப்பது என்று கொதித்தோம். போதாக்குறைக்கு, எலிங்டனே சாலையோர மதுக்கூடத்தில் பை ஐ என்ற பியானோக்காரராக வருகிறார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிக்கும் வழக்கறிஞரோடு ஒரே பியானோவில் வாசித்து, சில வார்த்தைகள் பேசி, மறைந்துவிடுகிறார். ஹாலிவுட் படமொன்றின் பின்னணியிசைக்குக் கறுப்பினக் கலைஞரை அழைப்பதே அபூர்வமாயிருந்த காலம். 30 ஆண்டுகளுக்கு மேல் இசைக்குழு நடத்திய மேதைக்குத் திரைக்குள் கிடைத்த இடம் அந்த மதுக்கூடம்தான். எங்களில் ஒருவர் எழுந்தே போய்விட்டார். (படத்துக்கு ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள், இசைக்கு ஒன்றுமில்லை. இசைத்தட்டுக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.)

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் நீதிமன்றத்தின் மௌனம் எங்களைத் தொந்தரவு செய்தது. லீ ரெமிக் நடிக்கும் லாரா, தான் வன்புணர்வு செய்யப்பட்டதாகச் சொல்கிறாள். அவளுடைய உடையையும் சிரிப்பையும் நடையையும் வைத்து அவளை எடைபோடுகிறார்கள் அங்கே. அவள் பொய் சொல்கிறாளா என்று குறிப்புணர்த்த ஒரு டிராம்போன்கூட இல்லை. அந்தச் சாட்சிக்கூண்டுக்குப் பின்னால் சாக்ஸபோன் ஒலித்திருந்தால், பார்வையாளர் அத்தனை பேரும் நாங்கள் அந்த மழையிரவில் சொன்ன தீர்ப்பையே சொல்லியிருப்பார்கள். நாங்கள் அவள் முகத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

எழுந்துபோன நண்பர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. இசைத்தட்டே போதும், படம் எதற்கு என்கிறார். நாங்களும் இசைத்தட்டைக் கேட்கிறோம். 'ஃப்ளர்ட்டிபேர்ட்' வரும்போது மட்டும் அறையில் யாரும் பேசுவதில்லை.