பார்னிக்கு ஒரே ஒரு தோட்டா

டான் நாட்ஸ் 2006 பிப்ரவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். நுரையீரல் புற்றுநோய், வயது 81. மறுநாள் அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பார்னி ஃபைஃப் என்றே எழுதின. மேபெரி என்ற கற்பனை ஊரின் துணை ஷெரிப். அவன் வந்த தொலைக்காட்சித் தொடர் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ தொடங்கியது 1960 அக்டோபரில். செத்த மனிதரின் பெயரைவிட அவர் போட்ட வேஷத்தின் பெயர் முந்திக்கொண்டு நிற்பது எல்லா நடிகருக்கும் வாய்ப்பதில்லை.

*

அந்தத் தோட்டா விஷயம். பார்னியிடம் துப்பாக்கி உண்டு. ஆனால் உறையிலிருந்து எடுக்கும்போதோ திரும்ப வைக்கும்போதோ தானாக வெடித்துவிடும். அதனால் ஷெரிப் ஆண்டி அவனுக்கு ஒரே ஒரு தோட்டாதான் கொடுத்து வைத்திருப்பார். அதுவும் துப்பாக்கியில் கிடையாது, சட்டைப் பையில். ஆபத்து வந்தால் பையின் பொத்தானைக் கழற்றி, நடுங்கும் விரலால் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டியோ இடுப்பில் துப்பாக்கியே கட்டாதவர். பயப்படாதவருக்கு ஆயுதம் வேண்டாம். பயந்தவனுக்கு ஆயுதம் கொடுத்தால் எல்லோருக்கும் ஆபத்து. இதை யாரும் வசனமாகப் பேசுவதில்லை. பொத்தான் போட்ட ஒரு பையே போதுமாக இருக்கிறது.

*

இந்தப் பாத்திரம் பிறந்ததே டான் நாட்ஸ் பண்ணிய ஒரு போன் காலில்தான். அவரும் ஷெரிப்பாக நடித்த ஆண்டி கிரிஃபித்தும் 1955-இல் பிராட்வேயில் ‘நோ டைம் ஃபார் சார்ஜண்ட்ஸ்’ நாடகத்தில் சேர்ந்து நடித்தவர்கள். ஆண்டி புதுத் தொடர் ஒன்றில் ஷெரிப்பாக வரப் போகிறார் என்று தெரிந்ததும் நாட்ஸ் கூப்பிட்டு, ஷெரிப் என்றால் ஒரு உதவியாளர் வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். வேலை கேட்ட விதம் அப்படி.

*

ஆண்டியைப் பற்றியும் இங்கே எழுதியாக வேண்டும். தொடரின் பெயரே அவர் பெயர். சிரிக்க வைப்பவர் அவர்தான் என்பதுதான் முதல் திட்டம். சில எபிசோடுகளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, நாட்ஸ் பக்கத்தில் நின்றால் சிரிப்பு அந்தப் பக்கம்தான் போகும் என்று. உடனே ஒதுங்கி வழிவிட்டார். தான் நிதானமாகப் பேசி, எடுத்துக்கொடுத்து, பார்னி வெடிப்பதற்கு இடம் விட்டார். கூட நடிப்பவன் கைதட்டல் வாங்கினால் மறுநாள் அவன் வசனத்தில் கத்தி விழும் தொழில் இது. அதில் இப்படி ஒரு மனிதர்! பார்னியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெருந்தன்மையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. பார்னியின் உயரத்தில் பாதி ஆண்டி கொடுத்தது.

*

இதற்கு ஒரு காட்சி போதும். 1963-இல் வந்தது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகவுரை தனக்கு மனப்பாடம் என்று பார்னி பெருமை பேசுகிறான். எங்கே, சொல் என்கிறார் ஆண்டி. பார்னி நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறான். முதல் சொல்லே வரவில்லை. ஆண்டி ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை உதட்டசைவில் எடுத்துக்கொடுக்க, பார்னி அதைப் பிடித்துக்கொண்டு, அது தன் நினைவிலிருந்தே வந்ததுபோல் கம்பீரமாகச் சொல்கிறான். கண்கள் மட்டும் ஆண்டியின் வாயை விட்டு அகலவில்லை. கடைசி வரை ஆண்டி அவனை அவமானப்படுத்தவில்லை. முடித்ததும் பார்னி முகத்தில் வரும் வெற்றிக் களையைப் பாருங்கள். அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நம்புகிறான். அதனால்தான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் மேல் பாசம் வந்துவிடுகிறது.

*

பார்னியின் அந்த நடுக்கம் எங்கிருந்து வந்தது? நாட்ஸ் வளர்ந்தது மேற்கு வர்ஜீனியாவில் மார்கன்டவுனில். அப்பாவுக்கு மனநோய், அதோடு குடி. பிள்ளையைக் கத்தியைக் காட்டி மிரட்டியதும் உண்டு. நாட்ஸுக்குப் பதின்மூன்று வயதில் அவர் இறந்தார். அம்மா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சோறு போட்டுக் குடும்பத்தை நடத்தினார். பயம் எப்படித் தோளில் உட்காரும், தொண்டையை எப்படி அடைக்கும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கண்ணீராகப் போயிருக்க வேண்டிய ஒன்றை அவர் சிரிப்பாக மாற்றிக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

*

பார்னி வேஷத்துக்கு ஐந்து எம்மி விருதுகள். ஐந்துமே துணை நடிகருக்கானவை. கடைசி இரண்டும் தொடரை விட்டுப் போன பிறகு, விருந்தாளியாக எட்டிப் பார்த்ததற்கு. ஐந்து வருஷத்தோடு முடித்துவிடுவேன் என்று ஆண்டி சொல்லியிருந்ததால், 1965-இல் நாட்ஸ் யுனிவர்சல் பட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஆண்டியோ பிறகு மனம் மாறித் தொடரை 1968 வரை நடத்தினார். பார்னி இருந்த ஐந்து ஆண்டுகளும் கறுப்பு வெள்ளை. அவன் போன பிறகு கலர். தொடர் நேயர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும்போதுதான் முடிந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கலர் எபிசோடுகளில் ஆண்டி எரிச்சல்படுகிறார், களைத்திருக்கிறார். எடுத்துக்கொடுக்க எதிரில் ஆள் இல்லை.

*

நட்பு மட்டும் அறவில்லை. 1986-இல் ‘ரிட்டர்ன் டு மேபெரி’ தொலைக்காட்சிப் படத்தில் பார்னிக்கும் அவன் காதலி தெல்மா லூவுக்கும் ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. பிறகு ஆண்டி வக்கீலாக வந்த ‘மாட்லாக்’ தொடரில் பக்கத்து வீட்டுக்காரராக நாட்ஸ். நாட்ஸ் சாவுப் படுக்கையில் இருந்தபோதும் ஆண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார். டான் நாட்ஸின் முழுப்பெயரில் முதலில் வருவது ஜெஸ்ஸி. ஆண்டி அவரை ஜெஸ் என்றுதான் கூப்பிடுவார். 2012 ஜூலையில் ஆண்டியும் போய்விட்டார்.

*

2016-இல் மார்கன்டவுனில் மெட்ரோபாலிட்டன் தியேட்டர் முன்னால் நாட்ஸுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

*

பார்க்காதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ‘மேன் இன் எ ஹரி’ எபிசோடு, 1963 ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை, கார் ரிப்பேராகி மாட்டிக்கொண்ட ஒரு வெளியூர் வியாபாரி தவித்துக்கொண்டிருக்கிறார். ஆண்டி வீட்டுத் திண்ணையில் பார்னி சாவகாசமாக உட்கார்ந்து, வீட்டுக்குப் போகப் போகிறேன், ஒரு தூக்கம் போடப் போகிறேன், அப்புறம் தெல்மா லூ வீட்டுக்குப் போய் டிவி பார்க்கப் போகிறேன் என்கிறான். எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் சொல்கிறான். அப்போதும் எழுந்திருக்கவில்லை. நடுங்காத பார்னியை இதில்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது.