வடபுறத்து நிழல்

வேலையின் பொருட்டுத் திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறிய நம்மவருள் பலருக்கு அரசுக் குடியிருப்போ வாடகை வீடோதான் வாய்க்கிறது. அவ்வீடுகளின் பின்புறத்தே, மதிலுக்கும் குளியலறைக்கும் இடையில், எந்நேரமும் ஈரம் கசியும் ஒரு துண்டு நிலம் கிடக்கும். உடைந்த வாளியையும் பழம்பலகையையும் அங்கே போட்டுவைப்பதே வழக்கம். அதனைத் தோட்டமாக்கலாகாதா என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் நிழலை அறிதல் வேண்டும். இவ்வூர்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகை அளவில் உள்ளன. ஆதலால் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகற் கதிரவன் உச்சிக்கும் சற்று வடக்கே நிற்கிறான். ஆண்டெல்லாம் நிழலென நாம் நம்பும் வடபுறத்து மண், அந்த மூன்றரை மாதம் வெயில் காண்கிறது. அதுவும் திருப்பதி வெயில்! அடர்நிழலை மட்டுமே விரும்பும் செடிகள் அதற்குள் கருகிவிடும்.

அடுத்தது ஈரம். ஓரடிக் குழி தோண்டி நீர் நிரப்பி, மறுநாள் காலை பார்த்தால் உண்மை விளங்கும். நீர் அப்படியே நின்றால் அங்குச் சேம்பு ஒன்றே தழைக்கும். வடிந்திருந்தால் பிறவும் வளரும். துளசியையும் மல்லிகையையும் அங்கே வைப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை. வெயிலின்றி மல்லிகை இலையாகவே நின்றுவிடும். பூவேண்டுவோர்க்குக் கனகாம்பரம் உண்டு. அரைநிழலிலும் அது பூக்கிறது. மலையேறும் நாளில் மட்டும் அதனைச் சூடுவதில்லை. திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது மரபன்றோ!

நாம் பெரிதும் போற்றுவது வல்லாரை. ஒரு கொடித் துண்டு போதும், கணுதோறும் வேரூன்றித் தரையெல்லாம் படர்ந்துவிடும். எதிர்வீட்டு அம்மையார் அதனைச் 'சரஸ்வதி ஆக்கு' என்பார். தெலுங்கு வழிப் பயின்ற நம் மகளும் அப்பெயரையே அறிந்திருந்தாள். பாட்டியுடன் கீரை பறிக்கத் தொடங்கிய பிறகே வல்லாரை என்ற சொல் அவள் நாவில் ஏறிற்று. 'பசுப்பு' மஞ்சளாயிற்று, 'அல்லம்' இஞ்சியாயிற்று. வீட்டில் தமிழ் பேசு என்று நாம் நாள்தோறும் சொல்லியும் நிகழாதது அது.

மஞ்சளை வைகாசியில் நட்டால் தைப்பொங்கற் பானையில் கட்டப் பச்சையிலையோடு கொத்துக் கிடைக்கும். கடைத்தெருவில் வாங்கும் கொத்துக்கு அந்த மணம் ஏது? ஆயினும் தேங்கும் நீர் மஞ்சளுக்குப் பகை. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கிய பெருமழையில் தாழ்வான பாத்திக் கிழங்குகள் அழுகின. மேட்டுப்பாத்தியில் இருந்தவை பிழைத்தன. வெற்றிலைக்கும் இதே விதி. கொடிக்கால்களில் அகத்தி நிழலில் வளர்ந்து பழகிய கொடியாதலால், ஈரமும் நிழலும் அதற்கு உவப்பானவை. வேரடியில் நீர் நிற்றல் மட்டும் ஆகாது. சேப்பங்கிழங்கைச் சமைப்போர் புளியை மறவாதிருக்க. இல்லையேல் தொண்டை நமைக்கும்.

மாற்றல் உத்தரவு எப்பொழுது வருமோ, அறியோம். மாமரம் வைத்தவர் அதனை விட்டுச் செல்ல நேரும், நமக்கு அக்கவலையில்லை. நனைத்த சாக்கில் ஒரு பிடி மஞ்சட்கிழங்கும் வேரோடு கூடிய வல்லாரைத் துண்டும் சுருட்டினால் எந்த ஊருக்கும் வரும். சேம்பினை எதிர்வீட்டு அம்மையார் இப்பொழுதே கேட்டுவைத்திருக்கிறார்.